பல்லிக்கம்பமும் போகி ஜமக்காளமும்

மூன்றாவது வீதியில் யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு, எந்த மருமகள் எந்த மாமியாரோடு பேசுவதில்லை, யார் மகன் வெளியூரில் வேலை என்று சொல்லிவிட்டு உள்ளூரிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறான் என்பதெல்லாம் துளசிமணிக்கு அத்துப்படி. வீதியில் எவ்வளவு வெயில் என்கிற ஒன்று மட்டும் அவள் கையில் இல்லை. அதைச் சொல்ல அரசாங்கம் கம்பம் நட்டிருந்தது.

கரூரில் கத்திரி என்று தனியாக ஒன்று வந்து போன காலமெல்லாம் முடிந்துவிட்டது. மாசி முடியும்போது தொடங்கினால் ஐப்பசி வரை ஒரே கத்திரிதான். அதனால் ஒரு சட்டம் வந்தது. ஒரு வீதியின் காற்று நாற்பத்திரண்டு டிகிரியைத் தாண்டினால் அங்கே மணி அடிக்கும். மணி அடித்தால் அந்த வீதியில் இருக்கிற தையல் கூடம், தறிப்பட்டறை, இஸ்திரிக் கடை எல்லாம் வெயில் தாழும் வரை வேலையை நிறுத்த வேண்டும். கூலியில் கை வைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் கட்டிவைத்திருக்கும் குளிர்கூடத்தை அந்த வீதிக்காரர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

தாண்டியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது கம்பம். வீதிக்கு இரண்டு. ஒன்று ‘டிக்’ என்று ஒரு சத்தம் போடும், எட்டத்தில் நிற்கும் மற்றது அதைக் கேட்டுக்கொள்ளும். பிறகு அது ‘டிக்’ என்னும், இது கேட்டுக்கொள்ளும். நாள் முழுக்க இதே வேலை. அதிகாரிகள் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சத்தம் பல்லி கத்துவது போல இருந்ததால் வீதி அதற்குப் பல்லிக்கம்பம் என்று பெயர் வைத்துவிட்டது. இதில் துளசிமணிக்குத் தனியாக ஒரு லாபம் உண்டு. அவள் வாசலிலேயே இட்லி மாவு விற்பவள். எந்த வீட்டுச் சங்கதியை எடுத்துவிட்டாலும் அவள் முடிப்பதற்குள் கம்பம் ஒரு தடவை ‘டிக்’ என்றுவிடும். “பாத்தீங்களா, பல்லியே சொல்லிருச்சு” என்று மாவுப் பாத்திரத்தை மூடுவாள். வந்தவர்கள் மாவோடு சேர்த்து அதையும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஆனால் முக்கியமான சங்கதியில் பல்லி அவளைக் கைவிட்டுவிட்டது. இரண்டாவது வீதிக்கும் மூன்றாவது வீதிக்கும் நடுவில் இருப்பது ஒரு சாக்கடை. அதை ஆடு தாண்டும், சைக்கிள் தாண்டும், வெயில் மட்டும் தாண்டாதாம். சாக்கடைக்கு அந்தப் பக்கம் கோடை முழுக்க மணி அடித்தது. இந்தப் பக்கம் நட்ட நாளிலிருந்து இரண்டு கோடையாக ஒரு தடவைகூட அடிக்கவில்லை. கம்பத்துப் பலகையில் முப்பத்தொன்பது, மிஞ்சினால் நாற்பது என்று எரியும். இரண்டாவது வீதியில் கவுன்சிலரின் மச்சினன் குடியிருப்பதுதான் காரணம் என்று துளசிமணி கண்டுபிடித்துச் சொன்னாள். அப்போதும் பல்லி ‘டிக்’ என்றது.

இதெல்லாம் வம்பாகவே இருந்திருக்கும், அவள் தங்கச்சி கோகிலவாணி ஏழு மாதக் கர்ப்பிணியாக இல்லாதிருந்தால். கோகிலா எதிர்ச்சாரியில் மயில்சாமியின் தையல் கூடத்தில் தலையணை உறை தைக்கிறாள். மேலே தகரக் கூரை, சுற்றிலும் பஞ்சு மூட்டை. போன வாரம் மிஷினிலேயே கவிழ்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாடி பார்த்துவிட்டு, இன்னொரு தடவை இப்படி மயங்கினால் குழந்தைக்கு நல்லதில்லை, உச்சி வெயிலில் கூடத்தில் உட்காரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உட்காராமல் எப்படி? மணி அடிக்காமல் தானாக எழுந்து போனால் வருகை விட்டுப்போகும். வருகை விட்டுப்போனால் பேறுகாலத்துக்குக் கிடைக்கிற சம்பளம் போகும். கோகிலாவின் புருசன் வேலை தேடிக்கொண்டிருப்பவன். தேடுகிற இடம் டீக்கடை என்பது வேறு விஷயம்.

துளசிமணி மயில்சாமியிடம் போய் நின்றாள்.

“நானென்ன ராட்சசனுங்களா?” என்றார் அவர். “அந்தப் பிள்ளைய ஒருத்திய மட்டும் அனுப்புனா மத்த பதினேழு பேரும் எந்திரிச்சு நிப்பாங்க. கம்பெனிக்காரன் என்னைத்தான் கேப்பான். பல்லி சொல்லட்டுங்க, அடுத்த நிமிசமே மெயின் சுச்ச அமத்திப் போடறேன்.”

“பல்லிக்கு வாய்ல கொழுக்கட்ட.”

“அதுக்கு நான் பொறுப்பில்லீங்க.”

இந்த நேரத்தில்தான் அளவை அலுவலகத்திலிருந்து பிரிட்டோ வந்து சேர்ந்தான். நாகர்கோவில் பக்கத்துப் பையன், முதுகில் பை, கழுத்தில் ஈரத்துண்டு. மூன்றாவது வீதி இரண்டு கோடையாக வரம்பைத் தாண்டாததால் அதைக் குளிர் வீதி என்று அறிவித்து, கம்பத்தைப் பிடுங்கி வேறு வீதிக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அதற்கு முன் ஒரு கடைசிச் சோதனை. அவன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் துளசிமணி அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

“நீ கம்பம் நட வந்த தம்பிதான? எங்கூட்டு போண்டாவ மூணு தின்னியே.”

“எத்தனையோ வீதியில நட்டிருக்கேங்க்கா. ஞாபகம் இல்ல.”

“தின்னவனுக்கு எப்படி ஞாபகம் இருக்கும். போட்டவளுக்குத்தான் இருக்கும். செரி, ஒண்ணு சொல்லு கண்ணு. வெயில் பாக்க ஒரு தெர்மாமீட்டர் பத்தாதா? எதுக்கு இந்தப் பல்லி?”

பிரிட்டோ கம்பத்தின் நிழலில் உட்கார்ந்தான். நிழல் கம்பத்தின் அகலம்தான் இருந்தது.

“முதல்ல தெர்மாமீட்டர்தான்க்கா வச்சாங்க. முதலாளிங்க அதுமேல ஈரத்துணியப் போட்டாங்க. தொழிலாளிங்க அடியில இஸ்திரிப் பெட்டிய வச்சாங்க. ஒரு ஊர்ல அறுபது டிகிரி காட்டுச்சு. அதுக்கப்புறம்தான் சத்தத்துக்கு வந்தாங்க. காத்து சூடானா அதுல சத்தம் வேகமா ஓடும், ஆறுனா மெதுவா ஓடும். இந்தக் கம்பத்துல கிளம்புன சத்தம் அந்தக் கம்பத்துக்கு எவ்வளவு நேரத்துல போய்ச் சேருதுன்னு பாத்தா, நடுவுல இருக்கிற மொத்தக் காத்தோட சூடும் தெரிஞ்சுரும்.”

“காத்து எதுத்து அடிச்சா?”

“அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அனுப்பறது. போகையில காத்து தள்ளிவிட்டா வரையில மறிக்கும். கழிஞ்சு போயிரும். ஈரக் காத்துல சத்தம் கொஞ்சம் வேகம் கூடும், அதுக்கும் தனியா ஈரத்த அளந்து கழிச்சுர்றோம். தெர்மாமீட்டர ஏமாத்தலாம்க்கா. ஒரு வீதியோட காத்த யாரும் ஏமாத்த முடியாது.”

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. கம்பம் ‘டிக்’ என்றது.

“ஏமாத்த முடியாதா?” துளசிமணி குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். “எங்க வீதியில ஒருத்தி இருக்கறா, வசந்தாமணின்னு. அந்த ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல கொடி கட்டி வெச்சிருக்கறது அவதான். வெள்ளிக்கெழமையானா ஊரு துணியெல்லாம் தொவைச்சாந்து அதுல போடுவா. போட்டான்னா பலகையில ஒரு டிகிரி ஏறிரும். காஞ்சு எடுத்துட்டுப் போனா எறங்கிரும். அவ தொட்டா வீதியே கொதிக்குது, அப்பிடி ஒரு கை.”

வசந்தாமணியைக் கடிக்கத்தான் சொன்னாள். இரண்டு பேருக்கும் பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகிறது. நேருக்கு நேர் பேச வேண்டி வந்தால் நடுவில் யாரையாவது நிறுத்திக்கொண்டு அவரிடம் பேசுவார்கள். ஆனால் பிரிட்டோ சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கொடியை விரலால் சுண்டிப் பார்த்தான். தடித்த நைலான் கயிறு. இரண்டு கம்பத்தையும் இறுக்கிக் கட்டியிருந்தது.

“கயிறு கம்பத்த உள்ளுக்கு இழுக்குதுக்கா. ஈரத்துணி போட்டா இன்னும் இழுக்கும். தூரம் கொறஞ்சா சத்தம் சீக்கிரம் போய்ச் சேரும். சத்தம் சீக்கிரம் வந்தா சூடுன்னு மெஷின் நெனைச்சுக்கும்.” பையிலிருந்து கத்தியை எடுத்தான். “இத வச்சுக்கிட்டு அளந்தா சரியா வராது.”

கொடியை அறுத்தான்.

இரண்டு கம்பமும் லேசாக நிமிர்ந்தன. கொஞ்ச நேரம் டிக் டிக்கென்று பேசிக்கொண்டன. பலகையில் முப்பத்தொன்பது போய் முப்பத்தெட்டு வந்தது.

அன்று மாலை மூன்றாவது வீதியில் மாவு விற்கவில்லை. ஏற்கெனவே அடிக்காத மணியை இன்னும் ஒரு டிகிரி தூரத்துக்குத் தள்ளிவிட்ட புண்ணியவதி யார் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. சங்கதியைப் பரப்ப அவளே தேவைப்படவில்லை என்பதுதான் துளசிமணிக்கு அதிகமாக வலித்தது. கோகிலா மட்டும் வந்தாள். முகம் வெளுத்து, காலெல்லாம் வீங்கியிருந்தது.

“ஏங்க்கா, உனக்கு வாய வெச்சுட்டு இருக்க முடியாதா?”

துளசிமணி அடுப்படிக்குப் போனாள். மோர் கலக்கிக் கொடுத்தாள். கோகிலா பாதி குடித்தாள். நாளைக்கும் போகத்தான் வேண்டும் என்றாள்.

மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்தில் பிரிட்டோ வேனோடு வந்தான், கம்பத்தைப் பிடுங்க. வீதிப் பெண்கள் கூடிவிட்டார்கள். கோகிலா கூடத்து வாசலில் தண்ணீர் குடிக்க வந்தவள் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வசந்தாமணி அறுந்த கொடியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள், சாட்சிப் பொருளாம். நேராகக் கோகிலாவிடம் போனாள். பேச்சு துளசிமணிக்கு.

“ஏ கோகிலா, உங்கக்காகிட்டச் சொல்லு. அன்னைக்கு என்ற ஜமக்காளத்த மண்ணுல இழுக்க உட்டது பத்தாதுன்னு நேத்துக் கொடியவே அறுக்க வெச்சாளாம்.”

“நீயும் அவகிட்டச் சொல்லு கோகிலா” என்றாள் துளசிமணி. “ஜமக்காளத்த நானொண்ணும் இழுக்கல. அவ ஒருத்தியோடதா இருந்துச்சு? போகின்னு வீதியே கட்டில் மேல, கட்டில் கீழ இருந்ததெல்லாம் அலசிக் கொண்டாந்து அந்த ஒரே கொடியில போட்டாங்க. ஈர ஜமக்காளம் என்ன கனம் கனக்கும்? கொடி வகுறு தொங்கித் தரையத் தொட்டுச்சு. அவளோடது நடுவுல கெடந்துச்சு, மண்ணாயிருச்சு. அதுக்கு நானா?”

“கடேசியாக் கொண்டாந்து போட்டது யாருன்னு கேளு.”

“போட்டேன். எங்கூட்டு ஜமக்காளம் மட்டும் அழுக்கோட பொங்கலக் கும்புடோணுமான்னு கேளு. கம்பமே வளைஞ்சு நின்னுச்சு, அப்பக்கூட வாயத் தொறந்தேனா நானு?”

கோகிலா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் களைத்துப் போனாள். கம்பத்தின் அடியில் போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்த பிரிட்டோ கையை நிறுத்தினான்.

“எந்தக் கம்பம்க்கா?”

“இதேதான். புதுசா நட்டு பெயிண்ட்டுகூடக் காயல.”

“நட்ட அன்னைக்கேவா? நான் இங்க இருக்கும்போதேவா?”

“நீதான் உக்காந்து போண்டா தின்னுட்டு இருந்தியே. நான் போண்டா போடறதே வருசத்துல ஒரு நாள் கண்ணு. போகிக்கு முந்துன நாள். கல்லக் கழுவிப் பொங்கலுக்குப் புது மாவு ஆட்டோணும், அதனால புளிச்ச மாவ வழிச்சு போண்டாவாப் போட்டுத் தீத்துருவேன்.” அவள் கொஞ்சம் நிறுத்தினாள். “நீ துணிய எடுக்கச் சொல்லலையான்னு கேக்காத. நீ சொன்ன. இவதான் ஈரத் துணியக் கொடிய விட்டு எடுத்தா வீச்சம் புடிச்சுரும்னு சண்டைக்கு வந்தா.”

“நான்தான் சொன்னேன்” என்றாள் வசந்தாமணி, இந்தத் தடவை கோகிலாவைப் பார்க்காமல்.

பிரிட்டோ வேனுக்குப் போய் அளவு நாடாவை எடுத்து வந்தான். ஒரு முனையை மயில்சாமியின் கையில் கொடுத்து, இந்தக் கம்பத்தின் தலையிலிருந்து அந்தக் கம்பத்தின் தலைவரைக்கும் பிடித்தான். இரண்டு தடவை பிடித்தான். பிறகு தன் நான்கு விரலையும் சேர்த்து வைத்து அகலத்தைப் பார்த்துக்கொண்டான்.

“நாலு விரக்கட அதிகமா இருக்கு.”

“எதவிட அதிகம்?” என்றார் மயில்சாமி.

“நான் அன்னைக்கு மெஷினுக்குச் சொன்ன தூரத்தவிட.” அவன் தொண்டையைச் செருமினான். “கம்பத்த நட்டதும் தூரத்த ஒரு தடவ அளந்து மெஷினுக்குச் சொல்லிக் குடுக்கணும். அப்புறம் ஆயுசுக்கும் அது அதையே நம்பிக்கிட்டு இருக்கும். நான் அளந்தப்ப உங்க ஜமக்காளமெல்லாம் கம்பத்த உள்ளுக்கு இழுத்துப் பிடிச்சிருந்துச்சு. துணி காஞ்சு எடுத்தீங்க, கம்பம் நிமிந்துருச்சு. சத்தம் அதுக்கப்புறம் தினமும் மூணு நாலு விரக்கட கூட நடக்குது. நேரம் அதிகமாகுது. காத்து ஆறிப்போச்சு, அதான் மெதுவா வருதுன்னு மெஷின் நெனைச்சுக்கிச்சு.”

“அப்ப நேத்து நீ அவ கொடிய அறுத்தது?” என்றாள் ஒருத்தி.

“மிச்சம் மீதி இழுத்துட்டு இருந்ததையும் விட்டுட்டேன். இன்னும் நிமிந்துருச்சு. இன்னும் குளிந்துருச்சு.”

வீதியே பலகையைத் திரும்பிப் பார்த்தது. அதில் முப்பத்தெட்டு எரிந்துகொண்டிருந்தது.

“அப்ப நெசமான சூடு எவ்வளவு?” என்றார் மயில்சாமி.

“கணக்குப் போட்டுச் சொல்லலாம். ஆனா நான் சொன்னா ஆபீஸ்ல நம்ப மாட்டாங்க. தப்பா அளந்தவனே இப்ப சரியாச் சொல்றேன்னு நிக்கிற மாதிரி இருக்கும். எங்க ஆபீஸ் பெரியவர் நேர்ல பாக்கணும்.” போனை எடுத்தவன், அழைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். தூணைப் பிடித்திருந்த கோகிலாவைப் பார்த்தான். “ரெண்டு கோடையா நான் தப்பா அளந்த காத்துல இவங்க உக்காந்து வேலை பாத்திருக்காங்க.”

“கூப்புடு” என்றாள் துளசிமணி. “திட்டுவான். திட்டட்டும். நேத்து வீதியே என்னைத் திட்டுச்சு, நானென்ன கரைஞ்சா போயிட்டேன்?”

அவன் கூப்பிட்டான். அந்தப் பக்கம் திட்டு நீளமாகத்தான் இருந்தது. துளசிமணிக்கு முழுசாகக் கேட்கவில்லை என்பதில் கொஞ்சம் வருத்தம். திட்டி முடித்த பெரியவர் காரில் கிளம்பினார். அவர் வருவதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அதைச் சொன்னது வசந்தாமணி.

“அன்னைக்கு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே போட்டுக் காட்டுனா ஆச்சு” என்றாள். சொன்னது துளசிமணியிடம். நடுவில் யாரும் இல்லை.

அறுந்த கொடியை முடிச்சுப் போட்டு மறுபடி கட்டினார்கள். எந்த வீட்டு ஜமக்காளம் எந்த இடத்தில் கிடந்தது என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டே சொன்னார்கள். பச்சைக் கோடு போட்டது குழாயடிப் பக்கம். இல்லை, அதற்கு அடுத்து. சிவப்பு ஓரம் வைத்தது மயில்சாமி வீட்டுடையது, அதில் எண்ணெய்க் கறை இருக்கும், அது ஏன் வந்தது என்று இப்போது சொல்ல வேண்டாம். வீடு வீடாக நனைத்துத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டு வந்தார்கள். கடைசியாகத் துளசிமணியுடையது. கொடி வயிறு தொங்கியது. வசந்தாமணியின் ஜமக்காளம் மண்ணைத் தொட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் வந்து இறங்கி, பொங்கலே இல்லாத வைகாசியில் வீதி முழுக்க ஈர ஜமக்காளம் தொங்குவதைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். பிரிட்டோ நாடாவின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தான். தலையிலிருந்து தலைக்குப் பிடித்தார்கள். மெஷினுக்குச் சொல்லிவைத்த அதே தூரம், மயிரிழை கூடவும் இல்லை குறையவும் இல்லை.

“இந்த ஈரத்துக்குச் சூட்டக் கூட்டிக் காட்டாதா?” என்றார் பெரியவர்.

“ஈரத்துக்குக் கழிச்சாச்சு சார்.”

எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். இந்தக் கம்பம் ‘டிக்’ என்றது. அந்தக் கம்பம் ‘டிக்’ என்றது. முப்பத்தெட்டு அணைந்தது. நாற்பத்திரண்டு எரிந்தது. அதுவும் அணைந்து நாற்பத்திமூன்று எரிந்தது.

மணி அடித்தபோது வீதியில் பாதிப் பேருக்கு அது என்ன சத்தம் என்றே தெரியவில்லை. இரண்டாவது வீதி மணி இத்தனை பக்கத்தில் கேட்கிறதே என்று ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். மயில்சாமி சொன்ன சொல் தவறவில்லை. உள்ளே போனார். மெயின் சுவிட்ச் விழுகிற சத்தமும், மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்கிற சத்தமும் கேட்டன. தையல்காரப் பெண்கள் வெளியே வந்து வெயிலைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

கோகிலா குளிர்கூடத்துக்கு நடந்தாள். பாதி வழியில் நின்று திரும்பி, “ஏங்க்கா, நீ வல்லியா?” என்றாள்.

“போ, வர்றேன்” என்றாள் துளசிமணி. கோகிலா பள்ளிக்கூட வாசலில் நுழையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். புதிதாகத் தூரம் அளந்து, கொடி கட்டவே முடியாதபடி கம்பத்தில் வழுவழுப்பான உறை மாட்டும்வரை ஜமக்காளம் அப்படியே தொங்க வேண்டும் என்று உத்தரவு. வீதி மாற்றி மாற்றி நனைத்துப் போட்டது. அரசாங்கத்துக்காக ஜமக்காளம் நனைத்த வீதி உலகத்தில் வேறு இருக்காது.

பிரிட்டோ மட்டும் வேனில் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றிருந்தான்.

“இன்னும் என்ன கண்ணு? வேலைக்கு ஆபத்தா?”

“அதில்லக்கா. அந்த வாரம் முழுக்க நட்டுக்கிட்டே போனேன். வெங்கமேடு, தாந்தோணிமலை, காந்திகிராமம்… அங்கயெல்லாமும் போகிதானே? எல்லாரும் துவைச்சிருப்பாங்கதானே? எந்தக் கம்பத்துல கொடி இருந்துச்சு, எதுல இல்லன்னு எந்த மெஷினும் சொல்லாது. பொங்கல் வரைக்கும் காத்திருக்கவும் முடியாது. அதுக்குள்ள அங்க எத்தன கோகிலா மயங்கி விழுவாங்களோ.”

துளசிமணி அவனை ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“மெஷின் எதுக்கு? வீதிக்கு ஒருத்தி இருப்பா, என்னையாட்டமே. வெங்கமேட்டுல காய் விக்கறவ ஒருத்தி, பேரு மாராத்தா. அவ பக்கத்தூட்டுல எவன் தும்முனாலும் தேதி சொல்லுவா. தாந்தோணிமலைக்குக் கோயில் பூக்காரி. போகிக்கு எவ கொடியில எவ துணி போட்டான்னு அவளுக கிட்டக் கேக்கோணும், அவ்வளவுதான். ஆனா நேராக் கேட்டாச் சொல்ல மாட்டாளுக. முதல்ல நம்ம பக்கத்துல ரெண்டு சங்கதி குடுத்து அப்பறம் வாங்கோணும். அதெல்லாம் உனக்கு வராது.”

அவள் மாவுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்துவதற்குள் ஒரு கை வந்து கதவைப் பிடித்தது. வசந்தாமணி.

“தள்ளி உக்காரு. இவ சொல்றதுல பாதிதான் தம்பி நெசம்” என்றாள் பிரிட்டோவிடம். “மீதிப் பாதி எதுன்னு சொல்ல ஆள் வேண்டாமா?”

கம்பம் ‘டிக்’ என்றது.

துளசிமணி வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தள்ளி உட்கார்ந்தாள்.